நீலப் பொட்டலத்தில் பூங்கா மண்

6 ஜனவரி 1958, திங்கள்

மலை தெரியவில்லை. எட்டு மணி வரைக்கும் பனி மூட்டம். அய்யா பம்பு ரூமுக்குப் பின்னால் மண் சலித்துக்கொண்டிருந்தார். சல்லடைச் சத்தத்தில்தான் விழித்தேன்.

நேற்றுச் சாயங்காலம் பூங்காச் சங்கக் கூட்டம். வேப்பமரத்தடியில் ஐந்து பேர். தண்ணீர் கொடுக்கப் போனேன். போனவளின் பெயர் மினிட் நோட்டில் ஏறிவிட்டது. "நிறுவனங்களிடம் ஆதரவு திரட்டும் பொறுப்பு: செல்வி பேச்சியம்மாள்." 

இதுவரை அந்தப் பொறுப்பைப் பார்த்தவர் லாரி ஆபீஸ் கிளார்க். அவருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல். இனி யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செயலாளர் நர்சம்மா (பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி நர்சு, சொந்த ஊர் நாகர்கோவில்) என் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பிள்ளைக்கக் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். இவளே எழுதட்டும்."

தலைவர் கம்பவுண்டர் சொன்னார்: "பேருதான் பேச்சி. வாயத் தெறந்து நான் பாத்ததில்லையே."

"எழுதத்தானே சொன்னேன், பேசவா சொன்னேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் செம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாட்டேன் என்று சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே.

விஷயம் இதுதான். இந்த மாதம் 31ஆம் தேதிக்குள் மூன்று நிறுவனங்கள், மூன்று வருடத்துக்குப் பூங்காவுக்குத் துணை நிற்போம் என்று காகிதத்தில் எழுதித் தர வேண்டும். தந்தால் பூங்கா சங்கத்தின் கையில் இருக்கும். இல்லையென்றால் நகராட்சி இந்த இடத்தை லாரி நிறுத்தமாக்கும். பம்பு ரூமும் போகும். பம்பு ரூமை ஒட்டின தகரச் சாய்ப்புதான் எங்கள் வீடு. அய்யா இங்கே தோட்டக்காரர்.

ஏழாம் வகுப்போடு நின்றவள் கம்பெனிகளுக்கு எழுதுவதா.

8 ஜனவரி, புதன்

குளிர். விரல் மடங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன்.

கடிதம் போக வேண்டிய இடங்கள்:
ஏலக்காய் வியாபாரிகள் சங்கம்
கூட்டுறவு பாங்கு
பஞ்சு மில்
மலை எஸ்டேட் ஆபீஸ்
பஸ் கம்பெனி
சினிமாக் கொட்டகை (நர்சம்மா சொன்னது. ஆத்தாவுக்குப் பிடிக்கவில்லை.)

"ஊரில் பெண்கள் உட்கார்ந்து சோறு உண்ண வேறு இடம் இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். கம்பவுண்டர் அதை அடித்தார். நர்சம்மா அடித்ததின் மேல் அப்படியே எழுதச் சொன்னார். அது நிஜம்தான். நாங்கள் ஏலக்காய் பொறுக்கும் சரக்குக் கிட்டங்கிக்குள் சோற்றைத் திறந்தால் சரக்கில் வாடை ஏறும் என்று விட மாட்டார்கள். ஆத்தாவும் நானும் மற்றப் பெண்களும் தூக்குச்சட்டியோடு இங்கேதான் வருகிறோம்.

ஆறு கடிதம். ஆறிலும் நர்சம்மா கையெழுத்து. மைக்கூடு கவிழ்ந்து பாவாடையில் கறை. எலுமிச்சை தேய்க்க வேண்டும்.

13 ஜனவரி, திங்கள்

போகி. தெருவெல்லாம் பழைய பாய் எரிகிற புகை.

கூட்டுறவு பாங்கிலிருந்து பதில் வந்துவிட்டது. நான்கு வரி. சம்மதம். ஒன்று முடிந்தது. நம்ப முடியவில்லை.

பஞ்சு மில்லுக்கு நேரில் போய் வரலாம் என்று நர்சம்மா சொன்னார். கிளம்புகிற நேரத்தில் சிலமலையிலிருந்து பிரசவ வண்டி வந்துவிட்டது. "நீ போ பிள்ளை, கடிதத்தை மட்டும் நீட்டு, போதும்." தனியாகப் போனேன். கேட்டுக்காரர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கடிதத்தை நீட்டினேன். கை நீண்டது, ஆனால் அவருக்கு எட்டுகிற தூரத்துக்கு நான் போகவில்லை.

"ஊமையாத்தா நீயி?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பெறகு என்ன சோலியா வந்த? நின்னு பாத்துட்டுப் போறதுக்கு இதென்ன தேரா?"

திரும்பி வந்துவிட்டேன். கடிதம் வியர்வையில் நனைந்துவிட்டது. நர்சம்மாவிடம் மேனேஜர் இல்லை என்று சொன்னேன். பொய்.

17 ஜனவரி, வெள்ளி

பொங்கல் முடிந்து கிட்டங்கி இன்றுதான் திறந்தது. பாங்கைத் தவிர யாரும் பதில் போடவில்லை.

காலையில் விருதுநகர் வியாபாரி ஒருவர் வந்தார். சாம்பிள் கட்டுகிற மேசை என் பக்கத்தில்தான். எங்கள் சுந்தரம் முதலாளி சரக்கைப் பற்றி என்னென்னவோ சொன்னார். அந்த ஆள் காதிலேயே வாங்கவில்லை. நீலத்தாள் பொட்டலத்தைப் பிரித்தார், உள்ளங்கையில் கொட்டினார், முகர்ந்தார், ஒன்றைக் கடித்தார். முடிந்தது. விலை பேச ஆரம்பித்துவிட்டார். கூட ஒரு விவரச் சீட்டு இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டார். நான்தான் பொறுக்கினேன்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கடிதமும் அந்தச் சீட்டும் ஒன்று. சாம்பிள் இல்லாமல் யார் எதை வாங்குவார்கள்?

பூங்காவுக்கு என்ன சாம்பிள்? பூ வாடிவிடும். வேப்பிலை தெருவெல்லாம் கிடைக்கும். பூங்காவில் உசத்தியானது அய்யாவின் மண்தான். அவர் வந்த புதிதில் இது செங்கல் காளவாய்க் குப்பை கிடந்த மேடாம். புல்கூட முளைக்காதாம். கண்மாய் வண்டலும், குரங்கணிக்கு மேலே மரத்தடியில் மக்கிக் கிடக்கும் இலையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, சலித்துச் சலித்து, பதினோரு வருடம். கையில் எடுத்தால் மாவு மாதிரி இருக்கும்.

சாம்பிள் மேசையிலிருந்து ஐந்து நீலத்தாள் எடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள்.

18 ஜனவரி, சனி

வேப்பமரத்தடி மண், பொட்டலத்துக்கு இரண்டு கரண்டி. வியாபாரிகள் கட்டுகிற மாதிரியே கட்டினேன். மூலை மடித்து, நூல் இரண்டு சுற்று. அழகாக இருந்தது. ஐந்து கவர், ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு பொட்டலம், அதோடு கடிதத்தின் இன்னொரு நகல். நர்சம்மா முன்பே வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அவரிடமும் சொல்லவில்லை. தபாலில் சேர்த்தேன்.

மனசுக்கு நன்றாக இருந்தது இன்றைக்கு. எழுதி வைக்கிறேன்.

20 ஜனவரி, திங்கள்

தை மாதத்து முதல் ஏலம் இன்று. ஏலக்கூடத்துக்கு மாவிலை கட்டியிருந்தார்கள். எங்கள் கிட்டங்கியிலிருந்து நாற்பது மூட்டை போயிற்று. மதியத்துக்குள் அப்படியே திரும்பி வந்துவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. முதலாளி முகம் வெளுத்திருந்தது. மோர் கொண்டுபோன பெண்ணைத் திட்டிவிட்டார்.

தலைவலி. வெரசாப் படுக்க வேண்டும்.

21 ஜனவரி, செவ்வாய்

எப்படி எழுதுவது.

மூக்கம்மாக்கா பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டே சொன்னாள். அவள் புருஷன் ஏலக்கூடத்தில் மூட்டை தூக்குகிறவர்.

"விசயம் தெரியுமாடி? நேத்து மொத ஏலம் ஆரம்பிக்கையில தபால் வந்துருக்கு. சங்கத்து ராமையா முதலாளி பிரிச்சாரு. சாம்பிள்னு நெனச்சு உள்ளங்கையில கொட்டினா, மண்ணு."

என் முறத்திலிருந்து ஏலக்காய் சிந்தியது.

"தை மொத ஏலம், சாமி கும்பிட்டுட்டு நிக்கிற மனுசன் கையில மண்ணக் கொட்டினா எப்படி இருக்கும்? நாசமாப் போன்னு மண்ண வாரி எறியிறதவிட இது மோசம்டி. வீடு தேடி வந்த மண்ணு. தாளு நம்ம முதலாளி தாளு, முத்திரை போட்டது. போட்டிக்காரன் செய்வினை வச்சுட்டான்னு ஒரே சத்தம். அதான் நம்ம சரக்க ஒருத்தனும் தொடல."

முத்திரை. தாளின் உள்பக்கம் கிட்டங்கி முத்திரை இருக்கும். தினமும் பார்க்கிற முத்திரை. நான் அதைத் தாள் என்று மட்டும்தான் பார்த்தேன்.

இன்னும் இருக்கிறது. நேற்று ராத்திரி ராமையா முதலாளியின் லாரி போடிமெட்டு வளைவில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. யாருக்கும் அடி இல்லை. லோடு ஏலக்காய் முழுக்கப் பனியில் நனைந்து பச்சை நிறம் போய்விட்டது. மண் வந்த அன்றைக்கே.

தெருக்குழாயில் சண்டை வந்தால் பெண்கள் மண்ணை அள்ளித் தூற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். எனக்குத் தெரியாதது இல்லை. எப்படித் தோன்றாமல் போயிற்று? தூற்றுகிற மண் வேறு, அய்யாவின் மண் வேறு என்று நினைத்தேனா? நினைக்கவே இல்லை. சல்லடைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவளுக்கு மண் மண்ணாகத்தான் தெரிந்தது.

கடிதம் கூடவே இருந்ததே. ஒருவர்கூடவா படிக்கவில்லை?

யாரிடமும் சொல்லவில்லை. மூக்கம்மாக்கா "ஏண்டி, காய்ச்சலா?" என்றாள். ஆமாம் என்றேன்.

22 ஜனவரி, புதன்

காற்று. வேப்பம் சருகு சாய்ப்புக்குள் எல்லாம்.

நாளைக் காலை ஏலக்கூடத்துப் பிள்ளையார் முன்னால் எங்கள் முதலாளி சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டுமாம். "இந்த மண் என் கிட்டங்கியிலிருந்து போகவில்லை" என்று சொல்லி எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். செய்தால் மறுபடி அவர் சரக்கை எடுப்பார்கள். அவர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டாராம். தப்புச் செய்யாதவர், ஏன் மாட்டேன் என்பார்?

ஆனால் அது பொய்ச் சத்தியம். மண் அவர் தாளில், அவர் கிட்டங்கி மேசையிலிருந்து போனது. அவருக்குத்தான் தெரியாது. அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். பொய்ச் சத்தியம் பிள்ளைகளைப் பிடிக்கும் என்பார்கள். அப்படி எல்லாம் உண்டா என்று எனக்குத் தெரியாது. உண்டென்றால்?

ஆத்தாவிடம் சொன்னேன். ஆத்தா தலையில் அடித்துக்கொண்டாள். "எந்தக் கழுதையாச்சும் மண்ணப் பொட்டலம் கட்டித் தபால்ல போடுவாளாடி? ஊமைக் கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு ஊரையே கவுத்துட்டயே."

அய்யா கையிலிருந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். பிறகு கேட்டார்: "எந்த எடத்து மண்ண எடுத்த?"

"வேப்பமரத்தடி."

"அது நல்ல மண்ணாச்சே ஆத்தா. அதுக்கு ஏன் பயப்படுறாங்க?"

நர்சம்மா வந்து அரைமணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா, மக்களே?"

கேட்டிருக்கலாம். கேட்பதற்குப் பேச வேண்டும்.

இருப்பது ஒரு பாங்கு. வியாபாரிகள் இனித் தர மாட்டார்கள். பொட்டலம் போன மற்ற நான்கு இடத்திலும் இதே கதையாகத்தான் இருக்கும். தேதி 22. அய்யா இதெல்லாம் கேட்ட பிறகும் எழுந்துபோய் ரோஜாப் பாத்திக்குத் தண்ணீர் விட்டார்.

23 ஜனவரி, வியாழன்

போனேன். எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன், இல்லையென்றால் கனவு என்று நினைத்துவிடுவேன்.

ஏலக்கூடத்துக்குள் பெண்கள் போவது இல்லை. ஆத்தா என் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தாள். உள்ளே முப்பது ஆண்கள் இருப்பார்கள். பிள்ளையாருக்கு முன்னால் வாழையிலைத் துண்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தகரத் தட்டில் என் பொட்டலம். யாரும் தொட மாட்டார்களாம், குச்சியால் தள்ளித்தான் தட்டில் ஏற்றினார்களாம். சுந்தரம் முதலாளி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கையைத் தூக்கிவிட்டார்.

ஆத்தா சொன்னாள்: "சாமி, கொஞ்சம் பொறுங்க. எம் மக ஒண்ணு சொல்லணுமாம்."

எல்லாரும் திரும்பினார்கள்.

நான் சொல்ல நினைத்தது நான்கு வார்த்தை. பூங்கா மண், நான்தான் அனுப்பினேன். இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். வாயில் ஒன்றும் இல்லை.  "என்னத்தா, சொல்லு" என்றார் யாரோ. "இது யாரு, பூங்காக்காரன் மகளா?" "வாய் பேசாதோ?" சூடம் பாதி கரைந்துவிட்டது. முதலாளியின் கை இறங்கிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய்த் தட்டிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். "தொடாத!" என்று கத்தினார்கள். பிரித்தேன். வாயில் போட்டுக்கொண்டேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை. விருதுநகர் வியாபாரி ஏலக்காயைக் கடித்தது கண்ணுக்குள் நின்றிருக்கலாம்.

 மண் பல்லில் நறநறவென்றது.

ராமையா முதலாளிதான் முதலில் பேசினார். பெரிய மீசை, இந்த ஊரே அவரைக் கண்டு ஒதுங்கும். குரல் நடுங்கியது. "துப்பு ஆத்தா. துப்பிரு தாயி."

"முழுங்கிட்டேன்" என்றேன்.

இதுதான் அத்தனை பேருக்கு முன்னால் நான் பேசிய முதல் வார்த்தை. அதற்குப் பிறகு மற்றது வந்தது. "எங்க அய்யா சலிச்ச மண்ணு. பூங்கா மண்ணு. சாம்பிளுக்குப் போட்டேன். கடிதாசி இருக்கு."

சூடம் தானாக எரிந்து அணைந்துவிட்டது. சத்தியத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கவரைத் தேடி எடுத்து, அப்போதுதான் கடிதத்தைப் பிரித்தார்கள். சங்கத்துக் கணக்கப்பிள்ளை உரக்கப் படித்தார். சோறு உண்ண வேறு இடம் இல்லை என்ற வரி வந்தபோது சுந்தரம் முதலாளி தரையைப் பார்த்தார்.  தருவோம் என்றும் யாரும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை. ராமையா முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஆத்தா வழியெல்லாம் என் கையை விடவில்லை. வீட்டுக்கு வந்து வாய் கொப்பளிக்க வைத்துவிட்டு அழுதாள்.

24 ஜனவரி, வெள்ளி

வயிறு ஒன்றும் செய்யவில்லை. ஆத்தா ஓமத் தண்ணீர் இரண்டு தரம் கொடுத்தாள்.

முதலாளி வரச் சொல்லியிருந்தார். "நீ சொல்லலேன்னா நான் பொய்ச் சத்தியம் பண்ணியிருப்பேன். அது சரி. ஆனா தாளு எடுத்தது எடுத்ததுதான். பத்து நாளைக்குச் சோலிக்கு வராத." ஆத்தாவை ஒன்றும் சொல்லவில்லை. வாசல் வரைக்கும் வந்தவர், "நெசமாவே முழுங்கிட்டயா?" என்று கேட்டார்.

அய்யா ரொம்ப நேரம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"என்னது?"

"மண்ணு."

யோசித்தேன். "கொஞ்சம் புளிப்பு."

அய்யா முகம் வாடிவிட்டது. "புளிக்காதே" என்றார். பிறகு தானே போய் மரத்தடியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது.

25 ஜனவரி, சனி

மலை எஸ்டேட் கவர். அவசரமாகக் கிழித்ததில் தபால்தலையும் கிழிந்தது. எஸ்டேட் கணக்கு ரைட்டர் எழுதியிருக்கிறார், பாதி மலையாளம். அப்படியே எழுதிக்கொள்கிறேன்:

"தங்கள் மண் சாம்பிள் கிட்டி. பரிசோதித்தோம். நல்ல மண். புளிப்பு கொஞ்சம் கூடுதல், சுண்ணாம்பு போதாது. மூன்று வருடம் வேண்டிய சுண்ணாம்பும், நிழல்மரக் கன்றும் எஸ்டேட் தரும். உறுதிக் கடிதம் இத்துடன்."

அங்கே புதுச் செடி வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு சரிவிலிருந்தும் மண்ணைப் பொட்டலம் கட்டித்தான் ஆபீசுக்கு அனுப்புவார்களாம். நர்சம்மா சொன்னார். அவர்களுக்கு மண் வந்ததில் ஒரு ஆச்சரியமும் இல்லை. சாம்பிள் வந்தது, பார்த்தார்கள், பதில் போட்டார்கள்.

அய்யாவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்ல மண்" வரியை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். புளிப்பு வரிக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு ஆயிற்று. பஸ் கம்பெனி, மில், கொட்டகை: பதில் இல்லை. பொட்டலங்கள் என்ன ஆயின என்று கேட்கப் பயம்.

28 ஜனவரி, செவ்வாய்

வெயில் நன்றாக அடித்தது.

சாயங்காலம் ஒற்றை மாட்டு வண்டி வாசலில் நின்றது. ராமையா முதலாளியின் சம்சாரம். பட்டுச்சேலை. பெஞ்சில் உட்காரவில்லை. வேப்பமரத்தைச் சுற்றி வந்தார். குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து முந்தானையில் முடிந்தார்.

நான் பம்பு ரூம் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அங்க நிக்கிறது நீதானத்தா? வெளிய வா. உன்னத்தான் பாக்க வந்தேன்."

வந்தேன்.

"நனஞ்ச சரக்கு குப்பைக்குத்தான் போகும்னு இருந்தோம். நீ அந்த மண்ணத் தின்ன மறுநாளே விருதுநகர்க்காரரு வந்து மொத்தத்தையும் எடுத்துக்கிட்டாரு, மசாலாப் பொடிக் கம்பெனிக்கு வேணும்னு. வெனைய நீ முழுங்கிட்ட ஆத்தா." என் கன்னத்தைத் தொட்டார். 

வினை இல்லை, வெறும் மண் என்று சொல்ல வாய் எடுத்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

30 ஜனவரி, வியாழன்

வியாபாரிகள் சங்கக் கடிதம். தபாலில் வரவில்லை. ராமையா முதலாளியே கணக்கப்பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினார். மூன்று வருட உறுதி. முப்பது கையெழுத்து. ஒரு ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது.

நர்சம்மா என்னைத் தூக்கிச் சுற்றினார். நான் அழுதேன், ஏன் என்று தெரியாமல்.

31 ஜனவரி, வெள்ளி

நகராட்சி ஆபீசில் மூன்று கடிதத்தையும் கொடுத்தாயிற்று. கம்பவுண்டர், நர்சம்மா, நான். அதிகாரி மஞ்சளைப் பார்த்து, "இது என்ன, கல்யாணப் பத்திரிகையா?" என்றார். பிறகு முத்திரை குத்தினார். மூன்று வருடம் பூங்கா சங்கத்திடம். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து பார்ப்பார்களாம். புல்தரை, மரம், பாத்தி எல்லாம் இப்போது இருப்பது போல் இருக்க வேண்டும். இல்லையென்றால் உத்தரவு ரத்து.

அய்யாவிடம் மூன்று வருடம் என்றேன். விரலை மடக்கிப் பார்த்தார். "அப்ப ஒரு பலாக் கன்னு வைக்கலாம்" என்றார். பலா காய்க்க அதைவிடக் கூட ஆகுமே என்று நான் சொல்லவில்லை.

3 பிப்ரவரி, திங்கள்

காலையில் சல்லடைச் சத்தம் இல்லை. வெளியே வந்தேன். அய்யா வேப்பமரத்தடியில் சும்மா நின்றுகொண்டிருந்தார். மரத்தடியில் முறம் அளவுக்குக் குழி.

"பன்னியா அய்யா?"

"மனுசங்க."

பத்து மணிக்குள் பதினேழு பேர். எண்ணினேன். சிட்டிகை எடுக்கிறவர்கள், பிடி எடுக்கிறவர்கள், தூக்குச்சட்டி கொண்டுவந்தவர் ஒருவர். வினை தீர்க்கிற மண்ணாம்: கடைக் கல்லாவில் வைக்க, தொட்டிலில் கட்ட, மாட்டுக்குப் பூச. பொட்டிபுரத்திலிருந்து பஸ்சு பிடித்து வந்திருக்கிறார் ஒரு அம்மாள். அய்யா ஒவ்வொருவரிடமும் "வேணாம் தாயி, அது உரம் போட்ட மண்ணு" என்று கும்பிட்டுக் கும்பிட்டுச் சொல்கிறார். அவர்களும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு எடுக்கிறார்கள்.

பஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். பதில் தர வந்திருக்கிறார் என்று ஓடினேன். ஒவ்வொரு பஸ்சுக்கும் ஒரு பொட்டலம் வேண்டுமாம். நீலத்தாளில் கட்டினதுதான் வேண்டுமாம்.

4 பிப்ரவரி, செவ்வாய்

குழி இப்போது ஒரு ஆள் உட்காருகிற அளவு. வேர் தெரிகிறது. ரோஜாப் பாத்திக்கும் போய்விட்டார்கள். பதினோரு வருடத்து மண். ஆறு மாதம் எங்கே, இந்த மாதம் தாங்காது.

அய்யா மத்தியானம் சாப்பிடவில்லை.

ஒரு அம்மாள் முந்தானையை விரித்து இரண்டு கையாலும் அள்ளினாள். என்னால் பார்க்க முடியவில்லை. கத்திவிட்டேன். "எடுக்காதீங்க!" எனக்கே காது அடைத்தது. அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. தெருவில் போன வண்டி நின்றது.

அந்த அம்மாள் மண்ணைக் கீழே போட்டாள். அப்பாடா என்று நினைத்தேன். தரையில் நெற்றி பட விழுந்தாள். எழுந்து பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்: "பேச்சியே பேசிட்டாடி. பேசாத புள்ள, பேசிட்டா."

உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே நின்றவர்கள் பொழுது இறங்கும் வரை போகவில்லை.

5 பிப்ரவரி, புதன்

நர்சம்மாவும் கம்பவுண்டரும் வந்து பார்த்தார்கள். கம்பவுண்டர்: "இதுக்கு லாரியே நின்னுருக்கலாம்." நர்சம்மா அவரை முறைத்தார். பிறகு என்னிடம், "பேசினாத்தானே தப்பாப் போகுது. எழுது. உனக்கு எழுத்துத்தானே வரும்" என்றார்.

மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை வெட்டி விரித்து, தார் எடுத்து எழுதினேன். என் நல்ல எழுத்தில், பெரிதாக.

இது பூங்கா மண்.
வெறும் மண்.
எடுக்காதீர்கள்.

அய்யா வேப்பமரத்தில் ஆணி அடிக்க மனமில்லாமல் ஒரு குச்சியில் கட்டிக் குழிக்கு முன்னால் நட்டார். குழியைப் பழைய சாக்கால் மூடினோம். சாயங்காலம் வரை ஒருவரும் மண்ணைத் தொடவில்லை. பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அய்யா இரண்டு வாய் சோறு கூடச் சாப்பிட்டார்.

6 பிப்ரவரி, வியாழன்

பனி இறங்கியிருக்கிறது. மலை தெரியவில்லை.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். சாக்கு அப்படியே இருக்கிறது. மண்ணை யாரும் எடுக்கவில்லை. பலகையில் "எடுக்காதீர்கள்" மேல் மூன்று விரல் குங்குமம். குச்சியில் மஞ்சள் துணி. கீழே, வாழையிலைத் துண்டில், சூடம் எரிந்துகொண்டிருக்கிறது.